பார்சலாகப் போனவர், நாயோடு திரும்பி வந்தார்

சென்ற வருடம் நானும் மனைவியும் அமெரிக்காவில் மகள் வீட்டில் நான்கு மாதம் இருந்தோம். நியூ ஜெர்சி மாநிலத்தில் பார்சிப்பனி என்று ஒரு ஊர். மருமகன் சனிக்கிழமைகளில் பக்கத்து ஊரான மோரிஸ்டவுனுக்குக் கூட்டிப் போவார். ஊர் நடுவில் ஒரு பழைய பூங்கா. அங்கே பெஞ்சில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை.

இரண்டாவது வாரமே ஒன்றைக் கவனித்தேன். அந்த ஊர்த் தெருக்களில் அல்சேஷன், லாப்ரடார் நாய்கள் அடிக்கடி போகின்றன. தோளில் வார், அதிலிருந்து மேலே வரும் விறைப்பான ஒரு கைப்பிடி, அதைப் பிடித்தபடி ஒருவர். நடைபாதை முடியும் இடத்தில் நாய் நிற்கும், அவரும் நிற்பார். பேரன் ஒரு நாயைத் தடவ ஓடினான். கூட வந்த பெண்மணி சிரித்துக்கொண்டே, அது இப்போது வேலையில் இருக்கிறது, தொடக்கூடாது என்றார். கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் பள்ளி அந்த ஊரில்தான் இருக்கிறதாம். பூங்காவிலேயே வெண்கலத்தில் ஒரு சிலை, ஒரு மனிதரும் ஒரு நாயும். மனிதர் பெயர் மோரிஸ் ஃபிராங்க். நாயின் பெயர் பட்டி.

அன்று இரவு ஈரோடு ஜங்ஷன் நினைவுக்கு வந்தது. அங்கே பார்சல் ஆபீஸில் நான் பல வருடம் குமாஸ்தாவாக இருந்தேன். எண்பதுகளில் பிளாட்பாரத்தில் ஊதுபத்தி விற்கும் ஒருவர் வருவார். கண் தெரியாது. தங்கை மகனின் தோளில் கை வைத்தபடி வண்டிக்கு வண்டி ஏறி இறங்குவார். பையனுக்குப் பத்து வயதிருக்கும். விளையாட்டுப் புத்தி. மாமாவை எங்கள் ஆபீஸ் சுவரோரம் நிறுத்திவிட்டு கோலிகுண்டு விளையாடப் போய்விடுவான். அரை மணி, முக்கால் மணி அவர் நின்றுகொண்டே இருப்பார். "பையன் எங்கே இருக்கான்னு கொஞ்சம் பாருங்க சார்" என்பார். "உள்ளே வந்து உட்காருங்கண்ணே" என்று ஸ்டூலைப் போடுவேன். அதற்கு மேல் நான் யோசித்ததில்லை.

மோரிஸ் ஃபிராங்கின் கதையைப் படித்தபோது அவர் முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பார்வையற்றவர் நடப்பது பழைய வழக்கம். ஐரோப்பிய ஓவியங்களில் அப்படிப் பிச்சையெடுப்பவர்களைப் பார்க்கலாம். ஆனால் அந்த நாய் வெறும் துணை. கயிறு தொய்வானது, நாய் நின்றதா, திரும்பியதா என்று அது கைக்குச் சொல்லாது. வியன்னாவில் பார்வையற்றோர் கல்வி நிலையம் தொடங்கிய யோஹான் வில்ஹெல்ம் கிளைன் 1819-ல் எழுதிய நூலில் ஒரு யோசனை சொன்னார். கயிற்றுக்குப் பதிலாக நாயின் வாரில் விறைப்பான குச்சியைப் பொருத்தினால் நாயின் ஒவ்வொரு அசைவும் கைக்குத் தெரியும் என்றார். சின்ன விஷயம்தான். ஆனால் மோரிஸ்டவுனில் நான் பார்த்த கைப்பிடி அதே யோசனைதான். கிளைன் சொன்னது ஏறத்தாழ நூறு வருடம் ஏட்டிலேயே கிடந்தது. அதை எடுத்துப் பயன்படுத்த ஒரு போர் வரவேண்டியிருந்தது.

முதல் உலகப் போரில் விஷவாயுவாலும் குண்டுச் சிதறலாலும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் பார்வை இழந்து வீடு திரும்பினார்கள். ஜெர்மனியில் டாக்டர் கெர்ஹார்ட் ஸ்டாலிங் ஒரு நாள் பார்வையிழந்த ஒரு சிப்பாயோடு மருத்துவமனைத் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தாராம். அவசரமாக அழைப்பு வர, தன் நாயைச் சிப்பாயிடம் விட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால், அந்த நாய் சிப்பாயைப் பார்த்துக்கொள்வது போலவே நடந்துகொண்டது. அதிலிருந்துதான் யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். 1916-ல் ஓல்டன்பர்க் நகரில் உலகின் முதல் வழிகாட்டி நாய்ப் பள்ளியை அவர் தொடங்கினார்.

நாய்களும் கையருகே இருந்தன. போர்க்களத்தில் காயம்பட்டவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க ஜெர்மானியர்கள் ஏற்கெனவே நாய்களைப் பழக்கி வைத்திருந்தார்கள். அதனால் வேலை வேகமாக நடந்தது. டிரெஸ்டன், ஹாம்பர்க் என்று பல ஊர்களில் கிளைகள் வந்தன. வேகம் கூடியதும் தரம் குறைந்தது. 1926-ல் அந்தப் பள்ளிகள் மூடப்பட்டன. நாயைப் பிடித்துப் பழக்கிக் கொடுத்தால் போதும் என்ற நினைப்புக்கு விழுந்த முதல் அடி அது.

அதற்குள் 1923-ல் பெர்லினுக்குப் பக்கத்தில் போட்ஸ்டாம் நகரில் இன்னொரு பள்ளி தொடங்கியிருந்தது. அங்கே ஒரே சமயத்தில் சுமார் 100 நாய்கள் பழகும். ஆனால் முழுப் பயிற்சி முடித்து வெளியே போவது மாதம் 12 வரைதான். 100-க்கு 12 என்ற இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றுவரை சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

டோரதி ஹாரிசன் யூஸ்டிஸ் என்ற அமெரிக்கச் சீமாட்டி அப்போது சுவிட்சர்லாந்தில் வசித்தார். ராணுவத்துக்கும் போலீசுக்கும் அல்சேஷன் நாய்களை வளர்த்துப் பழக்கிக் கொடுப்பது அவர் பணி. போட்ஸ்டாம் போய்ப் பார்த்தார். பிரமித்துப் போனார். அதைப் பற்றி அமெரிக்காவின் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் பத்திரிகையில் 1927 நவம்பர் 5 இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு "பார்க்கும் கண்". பைபிளின் நீதிமொழிகள் புத்தகத்தில் வரும் சொல்.

டென்னசி மாநிலம் நாஷ்வில் நகரில் ஒரு தகப்பனார் அந்தக் கட்டுரையைத் தன் மகனுக்குப் படித்துக் காட்டினார். மகன் மோரிஸ் ஃபிராங்க். 6 வயதில் குதிரையில் போகும்போது மரக்கிளை இடித்து ஒரு கண் போனது. 16 வயதில் குத்துச்சண்டையில் அடிபட்டு மறு கண்ணும் போனது. இப்போது 20 வயது ஆகும் நேரம். இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தார். தெருவில் அழைத்துப் போக ஒரு பையனைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார். அந்தப் பையனுக்கு அலுப்பு வந்தால் அவரை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவான். இந்த வரியைப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

ஃபிராங்க் யூஸ்டிஸ் அம்மையாருக்குக் கடிதம் எழுதினார். தனக்கு ஒரு நாய் வேண்டும், அதோடு திரும்பி வந்து தன்னைப் போன்ற மற்றவர்களுக்கும் இதைக் கொண்டுவர உழைக்கிறேன் என்று சொன்னார். தனக்கு மட்டும் கேட்காமல் ஊருக்கும் சேர்த்துக் கேட்டதில்தான் எல்லாம் தொடங்கியது. வரச் சொல்லி பதில் வந்தது.

1928 வசந்தத்தில் கப்பல் பயணம். பார்வையற்ற ஒருவர் துணையில்லாமல் அட்லாண்டிக்கைக் கடக்க அன்று ஒரே வழிதான் கிடைத்தது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கம்பெனியின் பொறுப்பில், பார்சல் போல அனுப்பி வைத்தார்கள். ஆளைக் கூட்டிப்போய் உட்கார வைப்பார்கள். பிறகு கூட்டி வருவார்கள். இரவில் கேபினை வெளியே பூட்டிவிடுவார்களாம். பார்சல் வேலை எனக்குத் தெரியும். எடை போடுவோம், சீட்டு ஒட்டுவோம், போய்ச்சேர்ந்த இடத்தில் கையெழுத்து வாங்கி ஒப்படைப்போம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்சலிடம் யாரும் கேட்பதில்லை.

சுவிட்சர்லாந்தில் அவருக்குக் கொடுத்தது ஒரு பெண் அல்சேஷன். அதற்கு வைத்திருந்த பெயர் "கிஸ்". நடுத்தெருவில் இளைஞன் ஒருவன் "கிஸ், கிஸ்" என்று கூப்பிட முடியுமா? அன்றே "பட்டி" என்று மாற்றிவிட்டார். தோழன் என்று அர்த்தம். ஜாக் ஹம்ஃபிரி என்பவர் பயிற்சியாளர். பட்டிக்குப் பாடம் ஏற்கெனவே முடிந்திருந்தது. இப்போது பாடம் ஃபிராங்குக்கு.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நாய்க்கு வழி தெரியும் என்று பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. தபால் ஆபீஸ் எங்கே என்று மனிதருக்குத்தான் தெரிய வேண்டும். முன்னே போ, இடது, வலது என்று அவர் சொல்வார். நாய் படி, பள்ளம், தூண், தலைக்கு மேல் நீண்டிருக்கும் கிளை எல்லாவற்றையும் விலக்கிக் கூட்டிப்போகும். சிக்னலில் சிவப்பா பச்சையா என்று நாய் பார்ப்பதில்லை. வண்டிச் சத்தத்தைக் கேட்டு மனிதர்தான் முடிவு செய்வார். அவர் முடிவு தப்பாகி எதிரே வண்டி வந்தால், "போ" என்று சொன்னாலும் நாய் போகாது. கீழ்ப்படிதலை முழுக்கச் சொல்லிக்கொடுத்த பிறகு, எப்போது மீற வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுக்கிறார்கள். பயிற்சியின் உச்சம் இதுதான். நல்ல நாய்கள் பலவும் தவறிப்போவதும் இங்கேதான்.

அங்கே இருந்தபோது ஒரு நாள் ஃபிராங்குக்கு முடிவெட்ட வேண்டியிருந்தது. ஊரில் என்றால் அப்பா வேலைக்குப் போகும் வழியில் கடையில் இறக்கிவிட்டுப் போவார். அவர் வந்து கூட்டிப் போகும் வரை மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். இங்கே, உன்னிடம்தான் பட்டி இருக்கிறதே, நீயே போய் வா என்று அனுப்பினார்கள். போனார், வெட்டிக்கொண்டார், திரும்பி வந்தார். வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாராம். முடிவெட்டிக்கொண்டதற்கு யாராவது அப்படிச் சிரிப்பார்களா? கண் உள்ள நமக்கு அது விளங்காது.

1928 ஜூன் மாதம் பட்டியோடு நியூயார்க் துறைமுகத்தில் இறங்கினார். பத்திரிகைக்காரர்கள் நம்பவில்லை. லாரிகள் அலறிக்கொண்டு போகும் வெஸ்ட் தெருவைக் கடந்து காட்டச் சொன்னார்கள். கடந்தார். யூஸ்டிஸ் அம்மையாருக்கு "வெற்றி" என்று ஒரே சொல்லில் தந்தி போனது. 1929 ஜனவரி 29-ல் நாஷ்வில்லில் "சீயிங் ஐ" பள்ளி பதிவானது. அந்த ஊர் வெயில் நாய்களுக்கு ஒத்துக்கொள்ளாததால் பின்பு நியூ ஜெர்சிக்கு மாறியது. 1965 முதல் மோரிஸ்டவுனில் இருக்கிறது.

நாய் கிடைத்ததோடு வேலை முடியவில்லை. ரயிலில் நாயைச் சாமான் பெட்டியில் போடச் சொன்னார்கள். நம் ரயில்வேயிலும் நாய் என்றால் பார்சல் ஆபீஸில் சீட்டுப் போட்டு கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க் கூண்டில்தான் ஏற்றுவோம். எத்தனையோ நாய்களுக்கு நானே சீட்டு எழுதியிருக்கிறேன். ஃபிராங்கோ தன் கண்ணைச் சாமான் பெட்டியில் ஏற்ற முடியாது என்றார். ஹோட்டல், உணவு விடுதி, ரயில் என்று ஒவ்வொரு வாசலிலும் வாதாடினார். 1930-களின் நடுவில் அமெரிக்க ரயில் கம்பெனிகள் பயணிகள் பெட்டியிலேயே நாயை அனுமதித்தன. பட்டி 1938-ல் இறந்தது. அடுத்து வந்த நாய்க்கும் அவர் பட்டி என்றே பெயர் வைத்தார்; அதற்கடுத்ததற்கும் அதே பெயர்தான்.

அந்தப் பள்ளியின் கட்டண விவரம் என்னை யோசிக்க வைத்தது. முதல் நாய்க்கு 150 டாலர். அது ஓய்வு பெற்றபின் வாங்கும் நாய்க்கு 50 டாலர். ராணுவத்தில் இருந்தவர்களுக்கு 1 டாலர். 1930-களில் வைத்த தொகை, இன்றுவரை ஏற்றவில்லை. ஒரு நாயை உருவாக்க ஆகும் செலவு இதைப்போல் பல மடங்கு. அதை நன்கொடையால் சமாளிக்கிறார்கள். பின் எதற்கு இந்தச் சிறு தொகை? தானமாக வாங்கினேன் என்று இல்லாமல், காசு கொடுத்து வாங்கினேன், இது என் நாய் என்று அவர் சொல்லவேண்டும் என்பதற்காக. அன்று 150 டாலர் பெரிய பணம். தவணையில் கட்டியவர்கள் பலர். இங்கிலாந்திலும் நெடுநாள் பெயருக்கு 50 பென்ஸ் வாங்கினார்கள்.

இங்கிலாந்தில் இதைத் தொடங்கியவர்கள் மியூரியல் குரூக், ரோசமண்ட் பாண்ட் என்ற இரண்டு பெண்கள். யூஸ்டிஸ் அம்மையார் ஒரு பயிற்சியாளரை அனுப்பி உதவினார். லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் வாலஸியில் ஒரு வாடகை கராஜ்தான் பள்ளி. 1931-ல் முதன்முதலாக நான்கு பேருக்கு நான்கு நாய்கள். ஜூடி, ஃபிளாஷ், ஃபாலி, மெட்டா. அமெரிக்காவில் 1939-ல் டெட்ராய்ட் லயன்ஸ் சங்கத்தார் இன்னொரு பள்ளியைத் தொடங்கினார்கள். நம் ஊர் கண் சிகிச்சை முகாம் பேனர்களில் பார்க்கிறோமே, அதே லயன்ஸ்தான்.

பிறகு இரண்டாம் உலகப் போர். மறுபடியும் பார்வையிழந்த இளைஞர்கள். கேட்பவர்கள் கூடினார்கள். நாய்க்கு எங்கே போவது? அதுவரை, வளர்ந்த நாய்களை வாங்கியோ தானமாகப் பெற்றோ பழக்கினார்கள். அவற்றில் பல, பட்டாசுச் சத்தத்துக்கு நடுங்கும், பூனையைக் கண்டால் ஓடும். பல மாத உழைப்பு வீணாகும். குட்டியிலிருந்தே சந்தை, பஸ், குழந்தைகள், படிக்கட்டு எல்லாம் பழகிய நாய் வேண்டும். அதைப் பள்ளிக் கொட்டிலில் வைத்து வளர்த்தால் வராது. வீட்டில்தான் வரும்.

சீயிங் ஐ பள்ளி 1942-ல் கிராமப்புறச் சிறுவர் சங்கங்களின் பிள்ளைகளிடம் குட்டிகளைக் கொடுக்கத் தொடங்கியது. இங்கிலாந்தில் 1956-ல் இதே ஏற்பாடு வந்தது. ஏழெட்டு வாரக் குட்டி ஒரு வீட்டுக்கு வரும். ஒரு வருடத்துக்கு மேல் அங்கே வளரும். குழந்தைகளோடு தூங்கும், கடைத்தெருவுக்குப் போகும். பிறகு ஒரு நாள் வண்டி வந்து அழைத்துப்போய்விடும். நான்கைந்து மாதக் கடும் பயிற்சி, அதன்பின் பொருத்தம் பார்த்து ஒருவரிடம் சேர்ப்பார்கள். பொருத்தம் என்றால் ஏதோ கல்யாணப் பேச்சு மாதிரியேதான்: நடை வேகம், உயரம், குணம், வீடு, வேலை எல்லாம் பார்ப்பார்கள். பிறகு இருவரும் சேர்ந்து மூன்று நான்கு வாரப் பயிற்சி. ஏழெட்டு வருட உழைப்பு. அப்புறம் ஓய்வு, நம்மைப் போல.

1964-ல் பி.பி.சி.யின் புளூ பீட்டர் என்ற சிறுவர் நிகழ்ச்சி, வழிகாட்டி நாய்களுக்காகப் பால் பாட்டிலின் அலுமினிய மூடிகளைச் சேர்த்து அனுப்பச் சொன்னது. நமக்கும் பால் கண்ணாடி பாட்டிலில் வந்த காலத்தில் ஜரிகைக் காகிதம் போல மூடி இருக்குமே, அது மாதிரி. நாடு முழுக்கப் பிள்ளைகள் சேர்த்தார்கள். ஹனி என்ற குட்டி டெலிவிஷனிலேயே வளர்ந்தது.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னொரு கதை. ஹவாய்த் தீவில் ஒரு பெண்மணிக்கு வழிகாட்டி நாய் வேண்டும். கணவருக்கோ நாய் முடி ஒவ்வாது. அங்குள்ள சங்கத்தில் இருந்த வாலி கான்ரன், 1989-ல் லாப்ரடாரையும் பூடிலையும் கலந்து பார்த்தார். பிறந்த மூன்று குட்டிகளில் கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒன்றுதான், சுல்தான். மற்ற இரண்டை வளர்க்க ஒரு வீடும் முன்வரவில்லை. கலப்பு ஜாதி வேண்டாமாம். கான்ரன் அதற்கு "லாப்ரடூடில்" என்று ஒரு பெயரைச் சூட்டினார். உடனே எல்லோருக்கும் வேண்டியதாகிவிட்டது! பெயருக்காக லாபக் கணக்கில் குட்டி போட வைப்பவர்கள் பெருகியதைப் பார்த்து, இதைத் தொடங்கியதற்காகப் பின்னாளில் அவரே வருந்தினார். நல்ல காரணத்துக்குப் பிறந்ததும் சந்தைக்கு வந்தால் இப்படித்தான் ஆகிறது.

இவ்வளவு செய்தும் எங்கேயும் காத்திருப்போர் பட்டியல் குறையவில்லை. 2020-ல் கொரோனா வந்து இங்கிலாந்தில் சில மாதம் குட்டி போட வைப்பதை நிறுத்தினார்கள். அந்த மாதங்களில் பிறக்காத குட்டிகளின் குறை, அடுத்த இரண்டு மூன்று வருடங்கள் காத்திருந்தவர்கள் தலையில் விழுந்தது. தொழிற்சாலையில் இரண்டு ஷிப்டு ஓட்டி ஈடுகட்டும் சரக்கல்ல இது. ஒவ்வொரு நாய்க்கும் ஒரு வீடு வேண்டும். அந்த வீடு, வளர்த்ததைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதிக்க வேண்டும்.

நம் ஊரில் இது நடக்குமா என்று மனைவி கேட்டாள். நம் நாட்டில் வழிகாட்டி நாய் மிக மிக அரிது. தெருவுக்குத் தெரு நாய்கள். நடைபாதையில் கடை, பைக், டிரான்ஸ்பார்மர். நாயோடு ஹோட்டலுக்குள் போனால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மோரிஸ்டவுன் நாயைக் கொண்டுவந்து ஈரோடு பஸ் ஸ்டாண்டில் விட்டால் அதுவே திகைத்து நின்றுவிடும். வெள்ளைக் கோலும், பேசும் செல்போனும்தான் இன்று நம்மவர்களுக்குக் கை கொடுக்கின்றன. நடைபாதையை ஒழித்துக் கொடுத்தால் அந்தக் கோலுக்கும் உபயோகமாக இருக்கும்.

திரும்பி வருவதற்கு முந்தைய சனிக்கிழமை, பூங்கா பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். மருமகனோடு பேச்சுக் கொடுத்தார்கள். இதுவரை ஐந்து குட்டிகளை வளர்த்துக் கொடுத்திருக்கிறார்களாம். திருப்பிக் கொடுக்கும்போது கஷ்டமாக இல்லையா என்று கேட்கச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அழுவோம், அடுத்த குட்டிக்கும் பெயர் கொடுத்துவிட்டு வருவோம் என்றார் அந்த அம்மாள்.

ஊதுபத்திக்காரர் பிறகு என்ன ஆனார்? பையன் வளர்ந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று போர்ட்டர் ஒருவர் சொன்னார். அதற்குப் பின் அவர் பிளாட்பாரத்துக்கு வரவில்லை. வீடு கருங்கல்பாளையம் பக்கம் என்று சொன்னதாக ஞாபகம். சைக்கிளில் போனால் பத்து நிமிஷம். நான் போகவில்லை. ஸ்டூல் போட்டுக் கொடுத்ததே பெரிய உதவி என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.